ரெசெர்வா என்பது மதிப்பெண் இல்லை: ஸ்பானிய ஒயினில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ஃபினோ ஷெர்ரி (ஆல்கஹால் சேர்த்துச் செறிவூட்டிய ஒயின்), வட ஸ்பெயினின் ரியோஹா பகுதியிலிருந்து ஒரு கிரான் ரெசெர்வா (நீண்ட காலம் முதிர்த்த ஒயின்), ஒரு காவா (நுரைக்கும் ஒயின்). மூன்றும் ஸ்பெயின் பாட்டில்கள்தான். ஆனால் மூன்றையும் ஒரே அலமாரியில் ஒரே காலம் வைத்திருந்து, ஒரே குளிர்ச்சியில் ஊற்றினால் குறைந்தது இரண்டு வீணாகும். கடைக்கு வருமுன் எவ்வளவு காலம் பீப்பாயில் இருந்தது, மூடிய நிலையில் இன்னும் எவ்வளவு தாங்கும், திறந்தபின் எத்தனை நாள் நிற்கும் என்ற மூன்று கணக்கும் வகைக்கு வகை மாறும். இந்த நாட்டு ஒயினில் பணம் வீணாவது பெரும்பாலும் இந்தக் கணக்கு தப்பும்போதுதான்.

லேபிளில் உள்ள காலத்தைத் தரம் என்று படிப்பது

கிரியான்சா, ரெசெர்வா, கிரான் ரெசெர்வா என்ற மூன்று சொற்களைச் சுமார், நல்லது, மிக நல்லது என்று வரிசைப்படுத்திக்கொள்வது முதல் தவறு. இவை சட்டப்படி காலத்தைச் சொல்பவை. ரியோஹா சிவப்பு ஒயினில் கிரியான்சா என்றால் மொத்தம் இரண்டு ஆண்டுகள்; அதில் குறைந்தது ஓராண்டு 225 லிட்டர் ஓக் பீப்பாயில். ரெசெர்வா மூன்று ஆண்டுகள்; அதில் ஓராண்டாவது பீப்பாய், ஆறு மாதமாவது பாட்டில். கிரான் ரெசெர்வா ஐந்து ஆண்டுகள். பீப்பாயில் இரண்டு, பாட்டிலில் இரண்டு என்பது குறைந்தபட்சம். நடைமுறையில் நல்ல தயாரிப்பாளர் நல்ல திராட்சையைத்தான் நீண்ட காலத்துக்கு ஒதுக்குவார். ஆனால் சட்டம் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. மெலிந்த ஒயினை இரண்டு ஆண்டுகள் ஓக்கில் போட்டால் பழச்சுவை வற்றி மரச்சுவை மட்டும் மிஞ்சும். மலிவு விலையில் கிடைக்கும் கிரான் ரெசெர்வா பலவற்றில் நடப்பது இதுதான். அதே பணத்துக்கு ஒரு நல்ல தயாரிப்பாளரின் கிரியான்சா கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுக்கலாம்.

இந்தக் கணக்கும் ஊருக்கு ஊர் மாறும். நாடு தழுவிய விதிப்படி சிவப்பு கிரியான்சாவுக்கு ஓக்கில் ஆறு மாதம் போதும். ரியோஹாவும் ரிபெரா தெல் துவெரோ எனும் ஒயின் பகுதியும் பன்னிரண்டு மாதம் கேட்கின்றன. ஆகவே வேறொரு பகுதியின் கிரியான்சாவை ரியோஹா கிரியான்சாவோடு விலை ஒப்பிட்டு ‘இது மலிவு’ என்று சொல்வது பொருந்தாத ஒப்பீடு. ‘ரோப்லே’ என்று எழுதியிருந்தால் சில மாதம் ஓக்கைப் பார்த்த இளம் ஒயின், அவ்வளவே.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ரியோஹா பாட்டிலின் பின்புறம் ஒழுங்குமுறை மன்றத்தின் முத்திரை ஒட்டியிருக்கும்: கிரியான்சாவுக்குச் சிவப்பு, ரெசெர்வாவுக்கு அடர்சிவப்பு, கிரான் ரெசெர்வாவுக்கு நீலம். பச்சை முத்திரை என்றால் இந்த மூன்று வகையிலும் சேராதது. பச்சையைக் கண்டதும் ‘கடைசித் தரம்’ என்று பாட்டிலைத் திரும்ப வைத்துவிடுகிறார்கள். எளிய இளம் ஒயினுக்கும் பச்சைதான். பீப்பாய்க் கணக்குக்குக் கட்டுப்பட விரும்பாமல் தன் போக்கில் விலையுயர்ந்த ஒயின் செய்பவருக்கும் பச்சைதான். ரிபெராவின் மிக விலையுயர்ந்த ஒயின்களில் ஒன்றான பிங்குஸின் லேபிளில் ரெசெர்வா என்ற சொல்லே கிடையாது. பச்சை முத்திரை இருந்தால் தயாரிப்பாளர் பெயரையும் ஊரையும் பாருங்கள். தோட்டத்தை முன்னிறுத்தும் ஒயின்களுக்கு ரியோஹா 2017-இல் ‘வின்யேதோ சிங்குலார்’ என்ற தனிப்பிரிவே தொடங்கியது. அதற்குக் கொடிகளுக்குக் குறைந்தது 35 வயது ஆகியிருக்க வேண்டும். லேபிளில் அது இருந்தால் பீப்பாய்க் காலத்தைவிட அதிகத் தகவல் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பாட்டிலைச் சுற்றிய தங்கநிறக் கம்பிவலைக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம். போலிகள் பெருகிய காலத்தில், கார்க்கை யாரும் கழற்றி உள்ளே வேறு ஒயினை ஊற்றாமல் இருக்கக் கட்டப்பட்டது அது. இன்றைக்கு வெறும் அலங்காரம். மிகச் சாதாரண ஒயின்மேலும் வலை உண்டு.

அறுவடை ஆண்டு விஷயத்தில் இன்னொன்று. ரியோஹா மன்றம் அறுவடை ஆண்டுகளுக்கு மொத்தமாக ஒரு மதிப்பீடு தந்துவந்திருக்கிறது; 2001, 2004, 2005, 2010, 2011 எல்லாம் ‘மிகச் சிறப்பு’. ஆனால் ரியோஹா மேற்கே ஆரோவிலிருந்து கிழக்கே அல்ஃபாரோவரை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் நீள்கிறது. மேற்கில் அட்லாண்டிக் குளிர், கிழக்கில் மத்தியதரைக்கடல் வெயில். மேற்கில் திராட்சை பழுக்கத் திணறும் ஆண்டில் கிழக்கின் கர்னாச்சா வகைத் திராட்சை நிதானமாகப் பழுத்து நன்றாக வரக்கூடும். ஆண்டுப் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வாங்குபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

ஷெர்ரி: தவறுகளின் தலைநகரம்

ஹெரெஸ், சான்லூகார், எல் புவெர்தோ ஆகிய மூன்று ஊர்களைச் சுற்றிய இந்த ஒயின் அளவுக்குத் தப்பாக நடத்தப்படும் ஒயின் ஸ்பெயினில் வேறில்லை. ‘ஷெர்ரி என்றால் இனிப்பு’ என்பதில் தொடங்குகிறது. ஷெர்ரியின் வெளிர்நிற வகைகளான ஃபினோவும் மன்சானிய்யாவும் உலகின் மிக வறண்ட, அதாவது இனிப்பே இல்லாத, ஒயின்களில் சேர்பவை. லிட்டருக்குச் சர்க்கரை 4 கிராம்கூட இருக்காது. மற்ற வகைகளான அமொந்தியாதோவும் ஒலோரோசோவும் அப்படித்தான், நிறம் அடர்த்தியாக இருப்பதால் இனிப்பென்று நினைக்க வேண்டாம். இனிப்பு வேண்டுமானால் ‘கிரீம்’: லிட்டருக்கு 115 முதல் 140 கிராம். பெத்ரோ ஹிமேனெஸ் வெயிலில் உலர்த்திய திராட்சையில் செய்தது. சட்டம் கேட்கும் குறைந்தபட்சமே 212 கிராம், பல பாட்டில்களில் 400-ஐயும் தாண்டும். விருந்துக்குமுன் கிரீமை ஊற்றிவிட்டு யாருக்கும் பசியில்லை என்று வருந்தினால் ஒயின் என்ன செய்யும்?

ஃபினோவை ‘மது சேர்த்துச் செறிவூட்டியது, கெடாது’ என்று ஆண்டுக்கணக்கில் சேமிப்பதுதான் பெரிய தவறு. காரணம் அது உருவாகும் விதத்தில் இருக்கிறது. ஆல்கஹால் ஏறக்குறைய 15 சதவீதத்தில் நிற்கும்போது, பீப்பாயில் ஒயினின் மேல் ‘ஃப்ளோர்’ எனும் ஈஸ்ட் படலம் வெள்ளையாகப் படர்கிறது. அதற்குக் காற்று வேண்டும் என்பதால் 600 லிட்டர் பீப்பாயில் சுமார் 500 லிட்டர்தான் நிரப்புவார்கள். அந்தப் படலம் காற்று ஒயினைத் தொடாமல் காக்கும்; ரொட்டிமாவு, பாதாம் மணமும் அதிலிருந்து வருவதே. பாட்டிலில் அடைக்கும்போது படலம் வடிகட்டப்படுகிறது, அதோடு காவலும் போய்விடுகிறது. ஒலோரோசோவில் ஆல்கஹாலை 17 சதவீதத்துக்கு ஏற்றி ஃப்ளோரைத் தடுத்து, ஆரம்பத்திலிருந்தே காற்றோடு பழக்குகிறார்கள். ஆகவே அது தாங்கும். சுருக்கமாகச் சொன்னால் ஃபினோ துவையல், ஒலோரோசோ ஊறுகாய்.

ஃபினோ, மன்சானிய்யா இரண்டையும் பாட்டிலில் அடைத்து ஓராண்டுக்குள், அதிகம் போனால் ஒன்றரை ஆண்டுக்குள் குடித்துவிடுங்கள். அடைத்த தேதி சில பாட்டில்களின் பின்லேபிளில் நேரடியாகவே இருக்கும். இல்லாவிட்டால் கடைக்காரரிடம் எப்போது வந்த சரக்கு என்று கேளுங்கள். தூசி படிந்த ஃபினோ பாட்டில் பெருமைக்குரிய பழம்பொருள் இல்லை, விற்காமல் கிடந்த சரக்கு. வைக்கும்போது நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் காற்று படும் பரப்பு கூடும். திறந்தபின் ஃப்ரிட்ஜில் ஒரு வாரம். அமொந்தியாதோ இரண்டு மூன்று வாரம், ஒலோரோசோ நான்கு முதல் ஆறு வாரம், பெத்ரோ ஹிமேனெஸ் இரண்டு மாதம்வரை. பாதி ஃபினோவை அலமாரியில் மூன்று மாதம் வைத்துவிட்டு ஷெர்ரி பிடிக்கவில்லை என்பவர்கள் குடித்தது ஷெர்ரியை அல்ல, அதன் மிச்சத்தை.

லேபிளில் தெரியும் ஆண்டு இன்னொரு பொறி. ‘சோலெரா 1847’ என்று பெயர்பெற்ற ஓர் இனிப்பு ஷெர்ரி உண்டு. அந்த எண் அறுவடை ஆண்டு இல்லை. சோலெரா என்பது அடுக்கடுக்கான பீப்பாய்கள்: கீழ் வரிசையிலிருந்து ஒரு பகுதியை எடுத்து அடைப்பார்கள், அந்தக் குறையை மேல் வரிசை நிரப்பும், அதன் குறையை அதற்கும் மேலுள்ளது. பாட்டிலில் இருப்பது பல ஆண்டுகளின் கலவை. வயதுக்குச் சான்று வேண்டுமானால் வி.ஓ.எஸ். என்ற எழுத்துகளைத் தேடுங்கள், சராசரி 20 ஆண்டுக்கு மேல்; வி.ஓ.ஆர்.எஸ். என்றால் 30-க்கு மேல்.

கிளாஸும் முக்கியம். விரலளவு சின்னக் கிண்ணத்தில் விளிம்புவரை ஊற்றினால் மணம் தங்க இடமேது? சாதாரண வெள்ளை ஒயின் கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஃபினோ 6 முதல் 8 டிகிரி, ஒலோரோசோ 12 முதல் 14. ஃபினோவைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று ஒதுக்கவும் வேண்டாம். ஆலிவ், நெத்திலி, உப்பிட்ட பன்றித்தொடை ஹமோன், பொரித்த மீன் இவற்றோடு குடிப்பதுதான் அந்த ஊர்ப் பழக்கம். எண்ணெயையும் உப்பையும் அது துடைத்தெடுக்கும். அதே மீனோடு துவர்ப்பான ரிபெரா சிவப்பை வைத்தால் நாக்கில் உலோகச் சுவை நிற்கும். காரமான சாப்பாட்டோடு 15 சதவீத ஆல்கஹால் கொண்ட பிரியோராத் பகுதிச் சிவப்பைத் திறப்பதும் வீண்செலவு. ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டுமே தவிர அணைக்காது.

சூடாகச் சிவப்பு, உறையக் குளிர்ந்த வெள்ளை

‘சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறு’ என்ற விதி, குளிர்நாட்டுப் பழைய கல் வீடுகளின் அறையைச் சொல்கிறது. 28, 30 டிகிரியில் ஊற்றிய ரியோஹாவில் ஆல்கஹால் நெடியும் ஓக்கும்தான் முன்னால் நிற்கும். ரெசெர்வாவுக்கு 16 முதல் 18 டிகிரி, இளம் ஒயினுக்கு 13, 14. ‘ஃப்ரிட்ஜில் இருபது நிமிடம்’ என்று பல இடங்களில் சொல்வார்கள். 30 டிகிரி பாட்டிலுக்கு அது எதற்கும் காணாது, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பனிக்கட்டியும் தண்ணீரும் பாதிப்பாதி கலந்த வாளியில் கழுத்துவரை அமிழ்த்தினால் 10 முதல் 15 நிமிடம் போதும். வெறும் பனிக்கட்டி பாட்டிலை எல்லா இடத்திலும் தொடாது, தண்ணீர் அவசியம். மறுபக்கம், ரியாஸ் பைஷாஸ் பகுதியின் வெள்ளை ஒயினான அல்பரீன்யோவை 4 டிகிரியில் ஊற்றினால் புளிப்பு மட்டும்தான் தெரியும். 10 டிகிரிக்கு வரட்டும்.

பழைய கிரான் ரெசெர்வாவைத் திறக்க மின்சாரத் திருகாணியை எடுக்காதீர்கள். இருபது ஆண்டுக் கார்க் நொறுங்கும். கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு தகடுகளை இறக்கி, திருகியபடி மேலே இழுக்கும் திறப்பான் நல்லது. முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் இறங்கும். டிகேன்டர் எனும் கண்ணாடிச் சாடியில் ஊற்றுவது வண்டலைப் பிரிக்க மட்டும். மேசைக்கு வருவதற்குச் சற்றுமுன் செய்யுங்கள். முதிர்ந்த ரியோஹாவின் மணம் காற்றில் ஒரு மணி நேரத்திலேயே கலைந்துபோகலாம். மணிக்கணக்கில் காற்று காட்டுவதெல்லாம் தோரோ, பிரியோராத் பகுதிகளின் இளம் சிவப்புக்குத்தான்.

மெழுகு, வறுத்த கொட்டை, காய்ந்த ஆரஞ்சுத்தோல் மணத்தோடு பொன்னிறமாக இருக்கும் பழைய வெள்ளை ரியோஹாவைக் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுவதும் நடக்கிறது. ஆரோவில் 1877-இல் தொடங்கிய லோபெஸ் தே எரேதியா தன் தொந்தோனியா வெள்ளையைப் பல ஆண்டுகள் பீப்பாயில் வைத்துத்தான் விற்கிறது. அந்த மணம் வேண்டுமென்றே வளர்த்தது. எளிய இளம் அல்பரீன்யோ பழுப்பாக மாறியிருந்தால் விஷயம் வேறு, கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். ஈர அட்டைப்பெட்டி வாடை அடித்தால் அது கார்க் கெட்டதன் அடையாளம். எந்த வகையிலும் அது குற்றமே. காற்றாட வைத்தாலும் போகாது.

காவா, சக்கோலி, சங்ரீயா

காவா என்பது ஒரே ஊரின் ஒயின் இல்லை. பெரும்பகுதி பார்சிலோனாவை அடுத்த பெனெதெஸிலிருந்து வந்தாலும் வலென்சியாவின் ரெகேனாவிலும் எக்ஸ்த்ரெமதுராவின் அல்மெந்திராலேஹோவிலும் காவா உண்டு. ஒன்பது மாதம் பாட்டிலில் ஈஸ்டோடு கிடந்த அடிப்படைக் காவாவை விசேஷ நாளுக்கென்று ஐந்து ஆண்டுகள் பத்திரப்படுத்தாதீர்கள். வாங்கி ஓரிரு ஆண்டுக்குள் திறந்துவிடுங்கள். காத்திருக்கத்தான் ஆசையென்றால் 30 மாதமாவது ஈஸ்டோடு கிடந்த கிரான் ரெசெர்வா வாங்குங்கள். லேபிளில் ‘செகோ’ என்று பார்த்து வறண்டது என்று நம்பினால் லிட்டருக்கு 17 முதல் 32 கிராம் சர்க்கரை காத்திருக்கும். வறண்டது வேண்டுமானால் ‘ப்ரூட் நாதுரே’, 3 கிராமுக்குள். காவா என்ற பெயரே இல்லாததால் ஒதுக்கவும் கூடாது: கிராமோனா, ரெகாரேதோ போன்ற முன்னணி நிறுவனங்கள் 2019-இல் காவாவை விட்டு விலகி ‘கொர்பின்னாத்’ என்ற பெயரில் விற்கின்றன, முழுக்க இயற்கை வேளாண்மைத் திராட்சை, ஈஸ்டோடு குறைந்தது 18 மாதம்.

பாஸ்க் நாட்டு வெள்ளை ஒயினான சக்கோலியை உயரத்திலிருந்து, அகலக் கிளாஸில், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார்கள். அதன் லேசான நுரைப்பை எழுப்பத்தான் அது. மற்ற வெள்ளை ஒயின்களிடம் இந்த வித்தையைக் காட்ட வேண்டாம்.

ஒயினில் பழம் ஊறவைத்துச் செய்யும் சங்ரீயாவுக்கு ரெசெர்வா வாங்குபவர்களுக்காக: ஓக்கின் துவர்ப்பும் ஆரஞ்சுத்தோலின் கசப்பும் ஒன்றையொன்று தூக்கிவிடும். ஓக் படாத இளம் டெம்ப்ரனிய்யோ அல்லது கர்னாச்சா திராட்சை ஒயின் 750 மில்லி, இரண்டு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சை, வெந்நீரில் கரைத்து ஆறவைத்த 40 கிராம் சர்க்கரை. பழத்தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதியை நீக்கிவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஊறவிடுங்கள். இரவு முழுக்க விட்டால் கசக்கும். 250 மில்லி சோடாவைப் பரிமாறும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். பனிக்கட்டியைச் சாடியில் போடாமல் கிளாஸில் போட்டால் கடைசிக் கிளாஸ்வரை நீர்த்துப்போகாது.