தள்ளாமையை அளக்காமல் கத்தி வைக்கலாமா? ஆபரேஷனுக்கு முன் நடக்கும் தவறுகள்

ஏற்காட்டிலிருந்து ஒரு பாட்டி, வயது 78. காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தே காலத்தைக் கழித்தவர். எடை 40 கிலோகூட இருக்காது. அதே நாளில் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர், வயது 66. தறியை விட்டுப் பத்து வருஷமான பூசினாற்போன்ற உடம்பு. இருவருக்கும் பித்தப்பைக் கல். "பாட்டிக்குத்தான் சார் ரிஸ்க்" என்றார் என்னோடு இருந்த பயிற்சி டாக்டர்.

இருவரையும் நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொன்னேன். பாட்டி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு 9 நொடியில் முடித்துவிட்டார். பெரியவர் நாற்காலிக் கையைப் பிடித்து, இரண்டாவது முயற்சியில்தான் எழுந்தார். வந்து உட்கார 22 நொடி. பொதுவாக 10 நொடிக்குள் என்றால் நிம்மதி, 15-ஐத் தாண்டினால் உஷார். கொழுப்புக்கு அடியில் தசை கரைந்து போயிருப்பது பார்வைக்குத் தெரியாது. வயதையும் உடம்பையும் பார்த்தே ரிஸ்க்கைத் தீர்மானிப்பது முதல் தவறு.

ஈசிஜி, எக்கோ, சுகர் எல்லாம் சரி, அதனால் ஆபரேஷனுக்கு 'ஃபிட்' என்று எழுதிவிடுவது அடுத்த தவறு. அவை ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாகப் பார்க்கின்றன. தள்ளாமை என்பது எல்லா உறுப்பிலும் கையிருப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்த நிலை. வீட்டில் சமாளித்துவிடுவார், ஆபரேஷன் என்ற பெரிய செலவு வந்தால்தான் கை வறண்டது தெரியும்.

நான் அதிகம் பார்க்கும் தவறு கேள்வி கேட்பதில். 1 முதல் 9 வரை மதிப்பெண் தரும் தள்ளாமை அளவுகோல் ஒன்று உண்டு. அதில் போட வேண்டியது இன்றைய நிலைக்கு அல்ல, நோய் வருவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்த நிலைக்கு. இடுப்பெலும்பு முறிந்து படுத்திருப்பவரைப் பார்த்து 'படுத்த படுக்கை' என்று எழுதினால் அது தப்புக் கணக்கு. "நல்லா இருந்தாரா?" என்று கேட்டால், "எல்லாம் அவரே செஞ்சுக்குவாருங்க" என்பார் மகன். சரி, ரேஷன் கடைக்குப் போனது யார்? குளிக்க வெந்நீர் தூக்கி வைத்தது யார்? கடைசியாகத் தனியாகப் பஸ் ஏறியது எப்போது? இதற்கெல்லாம் பதில் பெரும்பாலும் மருமகளிடம்தான் இருக்கும். மகன் முன்னால் பெரியவர்கள் முடியாததைச் சொல்ல மாட்டார்கள். ஐந்து நிமிஷம் தனியாகப் பேசுங்கள்.

ஒரு வருஷத்தில் தானாக 4.5 கிலோ குறைந்திருந்தால் அது முக்கியமான அறிகுறி. ஆனால் போன வருஷ எடையை யார் குறித்து வைத்திருக்கிறார்கள்? ஜாக்கெட் தொளதொளக்கிறதா, வளையல் முழங்கை வரை ஏறுகிறதா என்று கேட்டால் போதும்.

நினைவாற்றலைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மூன்று சொற்களைச் சொல்லி, கடிகாரம் வரையச் செய்து, அந்தச் சொற்களைத் திரும்பக் கேட்பது வழக்கம். பள்ளிக்கூடமே போகாதவரிடம் கடிகாரம் வரையச் சொல்லி, 'மறதி' என்று முத்திரை குத்தாதீர்கள். சொற்களைக் கேளுங்கள், மீதியை வீட்டாரிடம் கேளுங்கள். அப்புறம் மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள். ஆபரேஷனுக்குப் பின் வரும் மனக்குழப்பத்துக்குத் தூக்க மாத்திரையும் ஒரு காரணம். பல வருஷமாகப் போடுபவர் என்றால் அதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து.

தள்ளாமை மதிப்பெண் அதிகம் என்று காட்டி ஆபரேஷனே வேண்டாம் என்று அனுப்புவதும் தவறுதான். அவசரமில்லை என்றால் சில வாரம் உடம்பைத் தேற்றலாம். இடுப்பெலும்பு முறிவு அப்படியல்ல. தேற்றுகிறேன் என்று நாளைத் தள்ளினால் கெடுதல்தான், முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும்.

அம்மாப்பேட்டைப் பெரியவரை ஒரு மாதம் கழித்து வரச் சொன்னோம். தினம் இரண்டு முட்டை, சுண்டல், காலை மாலை நடை, நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி. திரும்பி வந்தபோது 16 நொடி. மூன்று சொற்களில் ஒன்றைத்தான் சொன்னார். அதனால் மனக்குழப்பத்தைத் தவிர்க்க, ஆபரேஷன் முடிந்த இரவு மகளைப் பக்கத்திலேயே உட்கார வைத்து, மூக்குக் கண்ணாடியைத் தலையணை ஓரம் வைத்தோம்.