கப்பலேறிய தாத்தாவைத் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் மலேசியாவின் ஈப்போவிலிருந்து ஒரு தம்பி கைப்பேசியில் படம் அனுப்பி, "அண்ணே, கொள்ளுத்தாத்தா கெடைச்சிட்டாரு" என்று எழுதியிருந்தார். படத்தைத் திறந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினைந்து வருடத்துக்கு முன் நான் காசு கொடுத்து வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிய அதே வகைத் தாள்.

பழைய பதிவுகளில் பெயரின் எழுத்துக்கூட்டல் மாறும், வயது குத்துமதிப்பு, ஊர்ப்பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். இதையெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நான் அதற்குள் போகவில்லை.

எந்தச் சட்டத்தின்கீழ் ஏறினார் என்று கேட்காமல் பெயரைத் தேடுவது

என் கொள்ளுத்தாத்தா முனுசாமி நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போனவர். 1890-களின் கடைசி என்பது வீட்டுக் கணக்கு. கப்பலில் போனார் என்றால் பயணிகள் பட்டியல் இருந்திருக்கும், பட்டியல் இருந்தால் பெயர் இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு வருடம் கிடைத்த விடுமுறை எல்லாம் அதிலேயே போயிற்று. கடைசியில், தேடித் தருகிறேன் என்ற ஒருவரிடம் பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். ஒரு பக்க நகல் வந்தது. முனுசாமி, வயது 22, தஞ்சாவூர் ஜில்லா. சாதியும் பொருந்தியது. தகப்பன் பெயர் மட்டும் வேறு. குமாஸ்தாவின் பிழை என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி, மாலையும் போட்டாயிற்று. ஒரு வருடம் கழித்து, டர்பனில் சொந்தபந்தம் உள்ள ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்தார். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே படத்தை உற்றுப் பார்த்தவர், "இது நேட்டால் பட்டியலாச்சே தம்பி. மொதல்ல இருக்கிறது காலனி நம்பர்" என்றார். நேட்டால் தென்னாப்பிரிக்காவில் டர்பன் இருக்கும் பகுதி. நகலில் தலைப்பு வரி இல்லை. வெட்டிவிட்டுத்தான் எனக்கு விற்றிருந்தார்கள். ஒரு வருடமாக யார் வீட்டுக் கொள்ளுத்தாத்தாவுக்கோ நான் பூ வைத்திருக்கிறேன்.

இந்தத் தவறு எனக்கு இன்னும் எரிச்சலைத் தருகிறது. ஏமாற்றியவர் மேல் உள்ள கோபம் எப்போதோ ஆறிவிட்டது. அந்தக் காலத்துச் சட்டத்தை ஒரு நாள் உட்கார்ந்து படித்திருந்தால் இரண்டு வருடமும் மிஞ்சியிருக்கும் என்பதுதான் ஆறவில்லை.

விஷயம் இதுதான். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (போலீஸ் நிலைய எல்லை), ஊர், உயரம், உடலில் உள்ள தழும்பு, மச்சம் வரை பதிந்தார்கள். நம் ஆட்கள்மேல் பாசம் வந்து செய்ததல்ல. ஐந்து வருடம் ஒரு முதலாளிக்குக் கட்டுப்பட்டவர் நடுவில் ஓடிவிட்டால் பிடித்து வர அடையாளம் வேண்டும். 1883-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் கவனித்ததும் இவர்களைத்தான். கூலி ஒப்பந்தத்தின் பேரில் கடல் கடந்து போகிறவரே அதன் கண்ணில் 'எமிகிரண்ட்'. சென்னையில் டிப்போ என்ற கூலி முகாமில் தங்கி, பாதுகாவலர் என்ற அதிகாரி முன் நின்று, கையொப்பமோ ரேகையோ வைத்துவிட்டுப் போனவர்கள் அவர்கள்.

சொந்தக் காசிலோ கடன் வாங்கியோ டிக்கெட் எடுத்து, அறை இல்லாமல் டெக்கில், அதாவது கப்பல் தளத்தில், பாய் விரித்துப் போனவருக்கு வேறு சட்டம். 1876-இலும் பிறகு 1887-இலும் வந்த 'நேட்டிவ் பாசஞ்சர் ஷிப்ஸ்' சட்டங்கள் அவை. அந்தச் சட்டத்துக்கு ஆளைப் பற்றி அக்கறை இல்லை, கப்பலைப் பற்றித்தான். கப்பல் கடலுக்குத் தகுதியானதா, எத்தனை பேரை ஏற்றலாம் என்பதற்கு ஏ சான்றிதழ். இந்தப் பயணத்துக்கு வேண்டிய தண்ணீரும் உணவும் மற்ற ஏற்பாடுகளும் சரியா என்பதற்கு பி சான்றிதழ். கப்பல் கிளம்புமுன் கேப்டன் இரண்டு படிவங்களில் கையெழுத்துப் போட வேண்டும். ஆண் எத்தனை, பெண் எத்தனை, கப்பல் சிப்பந்திகள் எத்தனை. வழியில் யாராவது செத்துப்போனால் தேதியையும், என்ன காரணமாக இருக்கலாம் என்பதையும் அதே படிவத்தில் குறிக்க வேண்டும். டெக் பயணிகளின் பெயரைக் கேட்கும் கட்டாயம் அங்கே இல்லை, தலையை எண்ணினால் போதும்.

என் முனுசாமி அந்த எண்ணிக்கையில் ஒரு ஒன்று.

சந்தேகம் இருந்தால் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பழைய நாளிதழ்களைப் புரட்டிப் பாருங்கள். கப்பல் வந்த செய்திகளில் கேபின் பயணிகளான துரைமார், துரைசானிமார் பெயர்கள் வரிசையாக இருக்கும். நம் ஆட்கள் கடைசியில் 'டெக்' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணாக இருப்பார்கள்.

ஈப்போ தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். "ஆனா ஊரு சரியா இருக்கே அண்ணே" என்றார்.

"தகப்பன் பேரு?"

"அதுதான் கொஞ்சம் வேற மாதிரி..."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பெயரைத் தேடுவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்த வருடம்? எந்த நாட்டுக்கு? டிக்கெட் காசு யார் கொடுத்தது? ஏதாவது தாளில் ரேகை வைத்தாரா? பட்டியல் என்று ஒன்று இருக்க வாய்ப்பு உண்டா என்பதே இந்தப் பதில்களில்தான் இருக்கிறது.

கங்காணி கூட்டிப் போனவரை ஒப்பந்தப் பட்டியலில் தேடுவது

மலாயாவில் கூலி ஒப்பந்த முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. அதற்குப் பிறகு போனவரை 'ஒப்பந்தக் கூலி' என்று பாட்டி சொல்லியிருந்தாலும் அது பேச்சு வழக்கு. 1907-இல் வந்த குடிவரவு நிதியிலிருந்து டிக்கெட் எடுத்துக்கொடுத்து, கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி, அழைத்துப் போயிருப்பார். 1922-ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு இவர்களுக்கும் விதிகள் வந்தன, ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. 1938-இல் இந்திய அரசு இப்படி உதவி கொடுத்துக் கூலிகளை அனுப்புவதையே நிறுத்திவிட்டது. 1939-இல் தோட்ட வேலைக்குக் கங்காணியோடு போனார் என்று யாராவது சொன்னால் வருடத்தைத் திரும்பக் கேளுங்கள்.

ரங்கூனை வெளிநாடு என்று நினைப்பது

1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையிலிருந்து ரங்கூன் போனவர் சட்டப்படி நாட்டை விட்டே போகவில்லை. பினாங்கும் 1867 ஏப்ரல் 1 வரை இந்திய அரசின் கீழ்தான் இருந்தது.

இலங்கைக்குக் கப்பல் பட்டியல் கேட்பது

பழைய குடிபெயர்வுச் சட்டங்கள் இலங்கையை ஒதுக்கியே வைத்திருந்தன. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914-இல் ஓடத் தொடங்கிய நீராவிப் படகில் போனவரைத் தேட வேண்டிய இடம் வேறு. இலங்கையின் 1949-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி விண்ணப்பித்தவர்கள் இத்தனை வருடமாக இலங்கையில் இருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. மணமானவருக்கு ஏழு வருடம், ஆகாதவருக்குப் பத்து. இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்த ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியாவுக்குத் திரும்பி வந்தவர்களிடமும் தாள்கள் உண்டு. வீட்டு டிரங்குப் பெட்டியை முதலில் திறந்து பாருங்கள். இருபது பேருக்காவது நான் இதைச் சொல்லியிருப்பேன், பாதிப் பேர் பெட்டியைத் திறக்காமலே காப்பகத்துக்குப் போனார்கள்.

எல்லாரையும் ரஜூலாவில் ஏற்றிவிடுவது

சென்னைக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய ரஜூலா 1926-இல் கட்டப்பட்ட கப்பல். அதற்கு முன் போனவர் அதில் போகவில்லை. இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. அப்பா வாய்க்கு வாய் சொன்ன கப்பலாயிற்றே. திரும்பி வரும்போது அதில் வந்திருக்கலாம், ஓடிய காலமும் 1973 வரை நீள்கிறது.

இன்னொன்று. ஐயாயிரத்துக்கும் மேல் டெக் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது என்பது உண்மை. அது உச்சவரம்பு. ஒவ்வொரு தடவையும் ஐயாயிரம் பேர் போனார்கள் என்று அதை வைத்து எழுதாதீர்கள்.

கப்பலோடு தேடலை நிறுத்திக்கொள்வது

என் முனுசாமி கடைசியில் எந்தக் கப்பலிலும் கிடைக்கவில்லை. மலேசியாவின் பேராக்கில் ஒரு தோட்டத்துக் கோயில் நன்கொடைப் பலகையில், தகப்பன் பெயரோடும் ஊரோடும், இரண்டு ரூபாய் கொடுத்தவராகக் கிடைத்தார்.

1914-க்கு முன் பாஸ்போர்ட்

கிடையாது. தேடாதீர்கள்.

தலைப்பு வரி வெட்டிய நகல்

வாங்காதீர்கள்.