ஜீப் ஹார்ட் டாப்பைத் தனியாளாகத் தூக்கிய விதம்

என்னுடையது நான்கு கதவு ஜீப் ராங்ளர், ஜேகே மாடல். மிச்சிகனில் வெயில் காலம் கொஞ்சநாள்தான். அதற்குள் ஹார்ட் டாப்பை, அதாவது கழற்றி மாட்டும் கடினமான கூரையை, கழற்ற ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட எனக்குக் கூச்சம். கூரையைத் தூக்கும் ரெடிமேட் ஹாய்ஸ்ட் கருவியின் விலையோ கையைக் கடித்தது.

முன்னால் உள்ள இரண்டு பேனல்களும் சுலபம், கையாலேயே வந்துவிடும். பின்துண்டுதான் கனம். டார்க்ஸ் 40 என்ற நட்சத்திர முனை பிட் போட்டு போல்ட்டுகளைக் கழற்றினேன். பின்கதவையும் கண்ணாடியையும் திறந்து, டிரைவர் பக்கப் பின்மூலையில் இருக்கும் வைப்பர் ஒயர் பிளக்கையும் வாஷர் தண்ணீர்க் குழாயையும் பிரித்தேன். இது மறந்தால் தூக்கும்போது பிய்ந்துவிடும்.

இரண்டுக்கு நாலு (2x4) அங்குல மரக்கட்டையில் ஏணி மாதிரி ஒரு சட்டம். பழைய கார்ப்பெட் சுற்றி, முன்திறப்பு வழியே உள்ளே நுழைத்து, கண்ணாடித் திறப்பு வழியே வெளியே நீட்டினேன். பின் குறுக்குக்கட்டை கண்ணாடியைவிட அகலம். அதனால் கயிறு கண்ணாடியில் உரசாது. நாலு மூலைக் கயிறும் கராஜ் உட்கூரையில் கொக்கிகளில் மாட்டிய கப்பி வழியாகச் சுவரிலுள்ள கைச்சுழல் வின்ச்சுக்கு (கயிறு சுற்றும் கருவி).

இரண்டு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. கொக்கிகள் உட்கூரையின் ஜிப்சம் பலகையில் அல்ல, அதன் பின்னுள்ள மர விட்டத்தில் இறங்க வேண்டும். வின்ச் பிரேக் உள்ளதாக இருக்கட்டும். வெறும் ராட்செட் (பல்சக்கரப் பூட்டு) என்றால் இறக்கும்போது கைப்பிடி சுழன்று மணிக்கட்டைப் பதம் பார்க்கும்.

மேலே ஏற்றியதும் தனியாக இரண்டு சங்கிலி மாட்டிவிடுகிறேன். குளிர்காலம் வரை அங்கேயே தொங்கும், கீழே ஜீப் நிற்கும். போல்ட்டுகள் ஜிப் கவரில், கிளவ் பாக்ஸுக்குள்.