கடலோரத்தில் பழைய பென்ஸ் டீசல் வாங்குவது எப்படி?

பாம்பன், மண்டபம், கீழக்கரை பக்கம் பழைய பென்ஸ் ஒன்று விலைக்கு வந்தால் பானெட்டைத் திறக்க அவசரப்படாதீர்கள். இந்த டீசல் இன்ஜின்கள் லேசில் சாகாது. உப்புக்காற்று தின்பது பாடியைத்தான். அதிகம் கண்ணில் படுவது 1976-ல் அறிமுகமான டபிள்யூ123 என்ற மாடல். ஜாக்கி வைக்கும் இடங்கள், முன் மட்கார்டின் அடிவிளிம்பு, பாட்டரி ட்ரே, டிக்கித் தரை ஆகியவற்றைத் தட்டிப் பாருங்கள். துணி சுற்றிய காந்தம் ஒட்டாத இடத்தில் பெயின்டுக்கு அடியில் பட்டிதான் இருக்கும். வைப்பருக்குக் கீழே உள்ள வடிகால் ஓட்டையில் வேப்பஞ்சருகு அடைத்திருந்தால் மழைத்தண்ணீர் தேங்கி உள்தரையை அரிக்கும். கார்பெட்டைத் தூக்கிப் பார்க்காமல் விலை பேச வேண்டாம். உவர்ப்பான போர் தண்ணீரில் கழுவி வந்த வண்டி என்றால் இன்னும் சந்தேகப்படுங்கள்.

அடுத்து இன்ஜின் எண். 615 என்று தொடங்கினால் வண்டி 200டி அல்லது 220டி வகை. 616 என்றால் 240டி, 4 சிலிண்டர். 617 என்றால் 300டி, 5 சிலிண்டர். ஆர்சி புத்தகத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். ஏனென்றால் 616-ஐ பஜாஜ் டெம்போ இங்கேயே லைசென்ஸ் வாங்கித் தயாரித்தது. வேன் இன்ஜினை மாற்றிப் போட்டிருக்க வாய்ப்புண்டு. அதே காரணத்தால் டெம்போ வேலை தெரிந்த மெக்கானிக்குக்கு இந்த இன்ஜின் புதிதல்ல, அது நமக்கு லாபம்.

ஸ்டார்ட் செய்து பார்ப்பது இன்ஜின் ஆறியிருக்கும்போதுதான். நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லிவிடுங்கள். 1980-க்கு முந்தைய வண்டிகளில் குளோ பிளக்குகள் (ஆறிய இன்ஜின் கிளம்ப உள்ளே சூடேற்றுபவை) தொடராக இணைந்தவை. ஒன்று போனால் எல்லாமே வேலை செய்யாது. பிளக் சரியாக இருந்தும் இழுத்து இழுத்துக் கிளம்பினால் வால்வு இடைவெளியைப் பாருங்கள்: 616-க்கு ஆறிய நிலையில் இன்டேக் 0.10 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. இடைவெளி குறைந்தால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். இரண்டு 14 ஸ்பேனரும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் இருந்தால் முடிகிற வேலை இது. பின்னால் வந்த டபிள்யூ124 மாடலின் 601, 602 டீசல்களில் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் என்பதால் இந்த வேலையே இல்லை.

சாவியைத் திருப்பியும் இன்ஜின் நிற்காமல் ஓடுகிறதா? டீசல் பம்ப் போய்விட்டது என்று பயமுறுத்துவார்கள். இந்த வண்டியில் இன்ஜினை நிறுத்துவது வாக்யூம், அதாவது குழாய்களில் காற்றை உறிஞ்சும் விசை. சென்ட்ரல் லாக்கும் அதில்தான் இயங்குகிறது. ஆகவே கதவுக்குள் ஒரு குழாய் விரிசல் விட்டாலும் இன்ஜின் நிற்காது. அப்போதைக்கு, இன்ஜின் மேல் ‘ஸ்டாப்’ என்று எழுதிய சிவப்பு லீவரை அழுத்தி நிறுத்துங்கள். பிறகு ரப்பர் இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பம்பைக் கழற்ற விடாதீர்கள்.