பி அலையைக் கொண்டு சுனாமி அபாயத்தை மதிப்பிடுதல்: 50 நொடிச் சோதனை

2010 அக்டோபர் 25 அன்று இந்தோனேசியாவின் மென்டாவாய் தீவுகளுக்கு அருகே ஏற்பட்ட 7.8 அளவு நிலநடுக்கத்தைக் கரையில் இருந்த பலர் மெல்லிய அசைவாகவே உணர்ந்தனர். ஆயினும் அதன் சுனாமி 400-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. கடலடிப் பாறையின் முறிவு மெதுவாக, 100 நொடிக்கு மேல் பரவியிருந்தது. அந்த நீடிப்பைப் பி அலையிலேயே, அதாவது நிலநடுக்கத்திலிருந்து முதலில் வந்துசேரும் அலையிலேயே, கண்டறியும் எளிய வழியை 2009-இல் நிலநடுக்க ஆய்வாளர்கள் லோமாக்ஸும் மிகெலினியும் முன்வைத்தனர். அதை நான் செய்து பார்த்த விதம் இது.

பைத்தான் நிரல்மொழியும், நிலநடுக்கப் பதிவுகளைக் கையாளும் அதன் ஆப்ஸ்பை (ObsPy) நூலகமும் போதும். வேறு மென்பொருள்களையும் பயன்படுத்தியிருக்கிறேன். தரவிறக்கம் முதல் வரைபடம் வரை ஒரே இடத்தில் முடிவதால் இதையே பரிந்துரைக்கிறேன். நிலநடுக்கத்தின் நேரத்தைக் கொடுத்து, பல நிலையங்களின் செங்குத்துப் பதிவுகளைப் பெற்று, 1 முதல் 5 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டுங்கள். பி அலை வந்த நொடியைக் கண்ணால் பார்த்துக் குறியுங்கள். கணக்கிட்ட வருகை நேரம் சில நொடிகள் பிசகக்கூடும். பிறகு, 50 முதல் 60 நொடி வரையிலான அலைவீச்சின் இருமடிச் சராசரி மூலத்தை (மதிப்புகளின் வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம், RMS), முதல் 25 நொடிக்கான அதே மதிப்பால் வகுங்கள். விடை 1 அல்லது அதற்கு மேல் இருந்தால், 50 நொடி கடந்தும் முறிவு தொடர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

நான் தடுமாறியது நிலையத் தேர்வில்தான். அருகில் இருப்பதே தெளிவாகப் பதிந்திருக்கும் என்று எண்ணி, 400 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நிலையத்தை எடுத்தேன். சாதாரண நிலநடுக்கங்களுக்கும் விகிதம் 1-ஐத் தாண்டியது. வடிகட்டியில் பிழை தேடி இரண்டு நாள் கழிந்த பிறகுதான் காரணம் புரிந்தது: அந்தத் தொலைவில் பி அலைக்கு ஏறத்தாழ 50 நொடி கழித்து, அதைவிட வலியதும் மெதுவாகப் பயணிப்பதுமான எஸ் அலை வந்துவிடுகிறது. 10 முதல் 30 பாகைத் தொலைவில் (ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர்) உள்ள நிலையங்களை எடுத்தால் இந்தக் கலப்பு நேராது. ஒரே நிலையத்தை நம்பாமல், பத்துக்கு மேற்பட்டவற்றின் இடைநிலை மதிப்பைக் கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: வடிகட்டிய பின் பதிவில் எதுவும் மிஞ்சவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் எடுத்தது நொடிக்கு ஒரு மாதிரி மட்டுமே கொண்ட எல்எச்இசட் (LHZ) தடம்; 1 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அசைவு அதில் பதியாது. நொடிக்குப் பல மாதிரிகள் கொண்ட பிஎச்இசட் (BHZ) தடத்தையே எடுக்க வேண்டும்.

மற்றொருவர் 2012 ஏப்ரல் 11 சுமத்ரா நிலநடுக்கத்தைப் பற்றிக் கேட்டார். அளவு 8.6, முறிவு இரண்டு நிமிடத்துக்கு மேல் நீடித்தது, ஆனால் பாறைகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் கடல்தளம் பெரிதாக உயரவில்லை, பேரலையும் எழவில்லை. முறிவின் திசையை இந்த விகிதம் சொல்லாது. அதற்கு, கனமோரியும் ரிவேராவும் 2008-இல் விளக்கிய டபிள்யூ கட்டப் (W phase) பகுப்பாய்வை, அதாவது மெதுவாக அசையும் நீண்ட அலைகளைக் கொண்டு முறிவின் வகையைக் கணிக்கும் முறையை, அடுத்துச் செய்ய வேண்டும்.