யூக்ளினாவும் காட்டுக் காளானும்: ஒரே நுண்ணோக்கியில் ஒப்பிட

யூக்ளினா சுமார் 50 மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஒற்றைச் செல். பைன், பிர்ச் மரங்களடியில் முளைக்கும் சிவப்புக் குடைக்காளானோ (அமானிட்டா மஸ்காரியா) கோடிக்கணக்கான செல்களாலான இழைகளின் பின்னல். இரண்டும் தாவரமல்ல.

பச்சை படிந்த குளத்துநீரில் ஒரு சொட்டை கண்ணாடி வில்லையில் இட்டு, மெல்லிய மூடுவில்லையால் மூடி, 100 மடங்கில் யூக்ளினாவைத் தேடிப்பிடித்து 400 மடங்கில் பாருங்கள். செல்சுவர் இல்லாததால் அது நெளிந்து உருமாறும். சிவப்புக் கண்புள்ளியும் தெரியும். நீந்த உதவும் சாட்டை போன்ற கசையிழை தெரியாவிட்டால் கவலை வேண்டாம், அது வேகமாக அடிக்கும், மெல்லியது. மூடுவில்லையின் ஓரத்தில் நீர்த்த அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். செல் இறந்து நின்றுவிடும், இழை தெரியும். முதலிலேயே அயோடின் விட்டால் நீந்துவதைப் பார்க்கவே முடியாது! அதன் சேமிப்புப் பொருளான பாராமைலான் மாவுச்சத்தைப்போல் நீலக்கருப்பாகாது. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

காளானின் தண்டை வெட்டி, செவுள்கள் (குடையின் அடியிலுள்ள மெல்லிய மடிப்புகள்) கீழே இருக்கும்படி கருப்புத் தாளில் குடையை வைத்து, டம்ளரால் மூடி ஓரிரவு விடுங்கள். வெள்ளைத் தூள் படியும். அதே நுண்ணோக்கியில் அதைப் பாருங்கள்: அவை சுமார் 10 மைக்ரோமீட்டர் அளவுள்ள வித்துகள் (ஸ்போர்கள்). கசையிழை கிடையாது, காற்றில்தான் பரவும். காய்ந்த குடையில் தூள் விழாது, அன்று பறித்ததே வேண்டும். இக்காளான் நஞ்சு. வாயில் வைக்காதீர்கள், தொட்டபின் சோப்பால் கை கழுவுங்கள்.