வீட்டில் பிரஷர் பார்ப்பது எப்படி

அம்மாவுக்குக் கிளினிக்கில் பிரஷரின் மேல் எண் எப்போதும் 150க்கு மேல்தான் காட்டும். வீட்டில் ஒரு வாரம் நானே எடுத்துப் பார்த்தேன், 128ஐத் தாண்டவில்லை. டாக்டரைப் பார்த்ததும் வரும் பதற்றம்தான் காரணம். சிலருக்கு நேர்மாறாக, கிளினிக்கில் சரியாக இருந்து வீட்டில் ஏறும். எனக்கு அதுதான் பெரிய கவலை. வெளியே தெரியாமலே இதயத்துக்குச் சுமை கூடிக்கொண்டிருக்கும்.

அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பு காபி, புகை, உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கால் மேல் கால் போடாதீர்கள். பிரஷர் மெஷினின் பட்டையைச் சட்டைமேல் சுற்றாமல் வெறும் தோலில், முழங்கைக்குச் சற்று மேலே சுற்றுங்கள். கை மேசைமேல், இதய உயரத்தில் இருக்கட்டும். தொங்கவிட்டால் அளவு கூடும். பட்டை சின்னதாக இருந்தாலும் கூடுதலாகவே காட்டும். அம்மாவுக்குப் பெரிய பட்டை வாங்கிய பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

காலையில் மாத்திரைக்கு முன், ஒரு நிமிட இடைவெளியில் 2 முறை, மாலையிலும் அப்படியே. 7 நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி பாருங்கள். வீட்டில் 135/85 என்பது கிளினிக்கில் 140/90 மாதிரி, அதாவது உயர் பிரஷரின் எல்லை. அப்புறம் நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். 180/120ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே அவசர சிகிச்சைக்குக் கிளம்புங்கள்.